விக்கல் பூதத்துக்கு ஒரு முத்திரை

அந்த அலுவலகத்துக்குத் தரம் பார்க்கும் பைத்தியம் பிடித்து வெகு காலம் ஆகிறது. குடை, குக்கர், செருப்பு, தராசு என்று எதைக் கொண்டுபோனாலும் நனைப்பார்கள், சூடு காட்டுவார்கள், மேலேயிருந்து கீழே போடுவார்கள். பிழைத்து வந்தால் ஒரு வட்ட முத்திரை கிடைக்கும். சாமான்களோடு நிறுத்திக்கொண்டிருந்த வரைக்கும் ஊருக்குப் பெரிய தொந்தரவில்லை. குடைக்கு வாயா இருக்கிறது, திருப்பிக் கேட்க?

அப்புறம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களையும் இனி இவர்களே சோதிக்க வேண்டுமாம். பொம்மை செய்கிறவர்கள் உஷார்ப் பேர்வழிகள், ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேலை இல்லையென்று தெரிந்தால் ஆட்களைக் குறைத்துவிடுவார்களே என்று அலுவலகத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. டிவியில் வருகிற கார்ட்டூன் தொடரும் ஒருவகை விளையாட்டுச் சாமான்தானே என்று யாரோ ஒருவருக்கு ஞானம் பிறந்தது. குடைகளை நனைத்துக்கொண்டிருந்த ஐந்தாம் எண் அறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளைத் திரையைக் கட்டிவிட்டார்கள். முத்திரை இல்லாத குழந்தைத் தொடரை எந்த டிவியும் காட்டக்கூடாது என்று அறிவிப்பும் வந்துவிட்டது.

காய்கறிக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. கடைத் தராசுக்கு வருஷ முத்திரை வாங்க வந்தவர் அவர். மனைவியைக் கடையில் உட்காரவைத்து, பக்கத்துக் கடையில் தராசு இரவல் வாங்கிக் கொடுத்து, "போன காலோட வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். ஓரிடத்தில் கால் தரிக்காத மனிதர். சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றபோதும் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாக மாறிக்கொண்டே இருந்தார்.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் தராசை வாங்கி உள்ளே தள்ளிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குப் படங்களைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது சார்."

"கதை, ஓவியம், இசை?"

"சத்தியமா தெரியாது சார். நான் காய்கறி விக்கறவன்."

"ரொம்ப நல்லது" என்றார் எழுத்தர். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அஞ்சாம் ரூம்ல ஒரு புது கார்ட்டூன் தொடர் சோதனைக்கு வந்திருக்கு. கமிட்டிக்கு ஒரு சாதாரணப் பார்வையாளர் வேணும். வழக்கமா வர்றவரு வந்து வந்து சாதாரணமா இல்லாம போயிட்டாரு. போன வாரம் கேமரா கோணம் சரியில்லன்னுட்டாரு. நிறுத்திட்டோம்."

"நான் தராசுக்கு வந்தேன் சார். கடையில அவ தனியா இருக்கா."

"தராசு உள்ள போயிடுச்சே. நீங்க போய் உட்காருங்க. ரெண்டும் ஒண்ணாவே முடிஞ்சு வந்துடும்."

கையெழுத்துப் போடுகிறவர் ஐந்தாம் அறையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் வெளியே வந்தால்தான் தராசுக்கு விமோசனம் என்பதை எழுத்தர் அப்புறமாகத்தான் சொன்னார். காய்கறிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே ஐந்தாம் அறைக்குப் போனார்.

உள்ளே மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். முப்பது வருஷம் குடைப் பிரிவில் இருந்து, குடைகளிடம் எந்தத் தயவும் காட்டாதவர் என்று பெயர் எடுத்தவர். வலப்பக்கத்தில் கசிவு நிபுணர் அம்மா. குக்கரில் ஆவி எங்கே ஒழுகுகிறது என்று காது வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர், டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு குழாய் இப்போதும் அவர் கழுத்தில் தொங்கியது. இடப்பக்கத்தில் சூட்டு அதிகாரி. அவர் எதையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். பின்னால் ஒரு பெஞ்சில், தொடரை வரைந்து எடுத்த பெண் கைகளை மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளை எல்லோரும் படக்காரம்மா என்றார்கள். அவள் வாயைத் திறக்கக்கூடாது என்பது விதி. குக்கர் தன்னைப் பற்றித் தானே பேசியதில்லை என்பது அதற்குக் காரணமாம்.

"குழந்தை இருக்கா?" என்று கேட்டார் தலைவர்.

"ஒரு பொண்ணு சார். ரெண்டாவது படிக்கிறா."

"அதை வெளியில சொல்லிக்காதீங்க. குழந்தை இருக்கறவங்க ஒரு பக்கமா சாஞ்சு பேசுவாங்கன்னு எழுதிடுவாங்க. எங்க மூணு பேருக்கும் குழந்தைங்களோட பழக்கமே கிடையாது. அதனாலதான் எங்களைப் போட்டிருக்காங்க."

சோதனை ஆரம்பமானது. முதலில் தொடர் இருந்த வட்டத் தகட்டைத் தலைவர் மேஜை உயரத்திலிருந்து தரையில் போட்டார். பிறகு அதை எடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். "கீழ விழுந்தும் கதை மாறல" என்று அறிவித்தார். படக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து ஒரு வாளித் தண்ணீரைத் திரைமேல் ஊற்றி, சாயம் போகிறதா என்று பார்த்தார்கள். படத்தில் வந்த பூதம் நனைந்ததே தவிர அதன் பச்சை நிறம் போகவில்லை. சூட்டு அதிகாரி ப்ரொஜெக்டரைத் தொட்டுப் பார்த்து, "ரெண்டாவது பகுதியில கதை கொஞ்சம் சூடாகுது" என்றார். தலைவர் கவலையோடு தலையாட்டினார்.

காய்கறிக்காரருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். மனம் கடையில் இருந்தது. கீரைக்குத் தண்ணீர் தெளித்தாளோ இல்லையோ.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. மலை உயரமுள்ள அந்தப் பூதம் ஒரு நாட்டை மிரட்ட வருகிறது. அரண்மனை வாசலில் நின்று உறுமப் பார்க்கிற நேரத்தில் அதற்கு விக்கல் வந்துவிடுகிறது. ஒவ்வொரு விக்கலுக்கும் எதிரே இருக்கிற ஏதாவது ஒன்று மறைந்துபோகிறது. முதல் விக்கலில் கோட்டைக் கதவு போனது, அடுத்ததில் ராஜாவின் மீசை. மீசை போனது தெரியாமல் ராஜா அதை முறுக்கிக்கொண்டே சவால் விடுகிறார். விரல் வெறும் காற்றை முறுக்குகிறது. ராஜா திடுக்கிட்டு, ஒன்றும் நடக்காதது போல மூக்கைச் சொறிந்துகொள்கிறார். பூதம் "தெரியாம நடந்துபோச்சுங்க" என்று குனிந்து மீசையைத் தேடத் தொடங்குகிறது.

காய்கறிக்காரர் சிரித்துவிட்டார். யோசித்துச் சிரித்த சிரிப்பு இல்லை. தும்மல் போல, பிடிக்கப் பார்ப்பதற்குள் வந்துவிட்டது. கடை, கீரை, தராசு எல்லாம் ஒரு நொடி மறந்து, நாற்காலி ஆட ஆடச் சிரித்தார்.

படம் நின்றது. விளக்கு போட்டார்கள்.

"சிரிச்சது யாரு?" என்றார் தலைவர்.

காய்கறிக்காரர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் அப்படி எழுந்து நின்றதே இல்லை.

கசிவு நிபுணர் ஓடி வந்து அவர் விலாவில் குழாயை வைத்துக் கேட்டார். "அடங்கிடுச்சு. ஆனா வந்தது உள்ளேயிருந்துதான்."

மூன்று பேரும் தலையைக் கூட்டிப் பேசினார்கள். பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்தத் தொடருக்குச் சிரிப்பு உண்டாக்கற குணம் இருக்குன்னு தெரியுது. நல்லது. ஆனா எந்தக் குடையும் முதல் தடவை நல்லாத்தான் விரியும். முப்பது தடவை விரிச்சு மூடினா அப்புறம்தான் அதோட வண்டவாளம் தெரியும். அதே காட்சி, அதே ஆளு, முப்பது தடவை. கடைசித் தடவையும் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தா முத்திரை. வரலன்னா சரக்கு மட்டம்."

"சார், ஒரே தமாஷுக்கு முப்பது தடவை எப்படி சார் சிரிக்கறது?"

"அதைத்தான் நாங்களும் கண்டுபிடிக்கப் போறோம்."

பத்துத் தடவை முடிந்ததும் சாப்பாட்டுக்கு விட்டார்கள். பத்தாவது தடவையே சிரிப்பு இருமல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. காய்கறிக்காரர் தாழ்வாரத்தில் இங்கும் அங்கும் நடந்தார். மனைவியின் போன் வந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? பக்கத்துக் கடைக்காரர் தராசைத் திருப்பிக் கேக்கறாரு."

"ஆபீஸ்ல சிரிச்சுக்கிட்டிருக்கேன்."

"நான் இங்க கையால தூக்கிப் பார்த்து எடை போட்டுக்கிட்டிருக்கேன், உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"வரலையேன்னுதான் பிரச்சினை" என்றார். மறுமுனையில் போனை வைத்துவிட்டாள்.

எழுத்தர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எதுக்குச் சார் கஷ்டப்படறீங்க? இனிமே சிரிப்பு வராதுன்னு எழுதிக் கொடுத்துடுங்க. அதோட சோதனை முடிஞ்சுடும். தலைவர் வெளியில வருவாரு, கையெழுத்துப் போடுவாரு, நீங்க தராசைத் தூக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம்."

இது காய்கறிக்காரருக்குத் தோன்றாமலில்லை. பாதி முடிவுகூடச் செய்துவிட்டார். அப்போது தாழ்வாரத்தின் கடைசியில் படக்காரம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று திரும்பினார். அவளே கூப்பிட்டாள்.

"அண்ணே, நான் பேசக்கூடாது. ஆனா இது ரூமுக்கு வெளியிலதானே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முதல் தடவை சிரிச்சீங்களே, அது நெஜமாத்தானே?"

"பின்ன? எனக்குப் பொய்யாச் சிரிக்கல்லாம் வராதும்மா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நாலு வருஷமா அஞ்சு பேர் உட்கார்ந்து வரைஞ்சோம் அண்ணே. டயர் கடைக்கு மேல ஒரு ரூம். வெளியாள் ஒருத்தர் பார்த்துச் சிரிச்சது இன்னிக்குத்தான் முதல் தடவை. அந்த விக்கல் என் வீட்டுக்காரரோடது. கேட்டா வராது, தூங்கறப்ப வரும். மைக்கைத் தலைமாட்டுலயே வெச்சிருந்தோம். இன்னிக்கு முத்திரை வரலன்னா டிவிக்காரங்க எங்க நேரத்தை மிட்டாய் விளம்பரத்துக்குக் கொடுத்துடுவாங்க. ரூமைக் காலி பண்ண வேண்டியதுதான்."

அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் காய்கறிக்காரர் தப்பித்திருப்பார், கடையில் எத்தனை கெஞ்சல் பார்க்கிறவர். அவள் சந்தோஷமாகச் சொன்னதுதான் அவரை மாட்டிவைத்துவிட்டது. "நீ சாப்பிடும்மா. நான் பார்த்துக்கறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியவில்லை.

மத்தியானம் முழுக்கப் போராட்டம். ராஜா மீசையை முறுக்கினார், மூக்கைச் சொறிந்தார், மறுபடி முறுக்கினார். மூக்கைச் சொறியும்போது ராஜாவின் சுண்டு விரல் கொஞ்சம் வளைகிறது என்பதுவரை காய்கறிக்காரருக்கு மனப்பாடமாகிவிட்டது. மச்சினன் சாக்கடையில் விழுந்ததை நினைத்துச் சிரித்துப் பார்த்தார். கசிவு நிபுணர் குழாயை எடுத்துவிட்டு, "இது படத்துல இருந்து வரல. வேற எங்கயோ இருந்து ஒழுகுது" என்றார். காய்கறிக்காரர் தன்னைத் தானே கிள்ளிக்கொண்டார், அது அழுகையாக வந்தது. கண்ணை மூடிப் பார்த்தார், கண்ணைத் திறக்கச் சொன்னார்கள்.

கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். "ஐயா, நான் சொல்றது தப்புன்னா மன்னிச்சுக்கங்க. இது குழந்தைங்களுக்காக எடுத்த படம். தெருவுல போற நாலு குழந்தைங்களைக் கூப்பிட்டு உட்காரவெச்சா ஒரே தடவையில தெரிஞ்சுடுமே?"

மூன்று பேருக்கும் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

"முத்திரை இல்லாத பொருளைக் குழந்தைங்க கண்ணுல காட்டறதா?" என்றார் சூட்டு அதிகாரி.

"அதுங்க எல்லாத்துக்கும் சிரிக்கும்" என்றார் கசிவு நிபுணர். "காகிதம் கிழிஞ்சாக்கூடச் சிரிக்கும். எங்க குழாய் தாங்காது."

தலைவர் மட்டும் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தம்பி, நான் முப்பது வருஷம் குடை சோதிச்சவன். ஒரு நாளாவது மழையில நனைஞ்சிருக்கேனா? கிடையாது. மழை வந்தா வெளியிலயே போகமாட்டேன். மழையில நனையறவனைக் குடையைப் பத்திக் கேட்டா அவன் என்ன சொல்லுவான்? நனைஞ்சுட்டேன், நனைஞ்சுட்டேன்னு தன் பாட்டையே பாடுவான். அனுபவம் இருக்கறவன் பேச்சுல தரம் இருக்காது. எனக்குக் கார்ட்டூன் பிடிக்காது. நான் குழந்தையா இருந்தப்பவும் பிடிச்சதில்ல. அந்த ஒரு தகுதியிலதான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்."

காய்கறிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

முப்பதாவது தடவை வந்தது. அவருக்குள் சிரிப்பு என்ற சரக்கே தீர்ந்துபோயிருந்தது. இனி ஆயுசுக்கும் சிரிப்பு வருமா என்றே பயமாக இருந்தது. பின்னால் படக்காரம்மா மூச்சு விடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க அவருக்கு முகமில்லை. மன்னிச்சுக்கம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

படம் ஓடத் தொடங்கியது. முடிவு தெரிந்துவிட்ட அலுப்பில் தலைவர், காட்சி முடியட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், தீர்ப்புச் சொல்ல எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றார். வெள்ளைச் சட்டை, அகலமான வயிறு. படம் முழுக்க அவர்மேல் விழுந்தது.

"சிரிப்பு என்பது" என்று ஆரம்பித்தார் தலைவர், "ஒரு பொறுப்பான செயல்."

அவர் வயிற்றில் ராஜா நின்று சவால் விட்டுக்கொண்டிருந்தார்.

"அது நீடித்து உழைக்க வேண்டும்."

பூதம் விக்கியது. ராஜாவின் மீசை போனது. ராஜா தலைவரின் தொப்புள் பக்கமாக வெறும் காற்றை முறுக்கினார்.

"மக்கள் எங்களை நம்பித் தங்கள் குழந்தைகளை..."

பூதம் குனிந்து, "தெரியாம நடந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் தலைவரின் சட்டைப் பைக்குள் மீசையைத் தேடியது. அங்கே கிடைக்காமல் மெதுவாக நிமிர்ந்து அவர் மூக்குத் துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தது. தலைவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒளி உறுத்தியதால் தற்செயலாக மூக்கைச் சொறிந்துகொண்டார். அவருடைய சுண்டு விரலும் கொஞ்சம் வளைந்தது.

காய்கறிக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. காலையில் வந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின் பெஞ்சில் படக்காரம்மா முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கசிவு நிபுணர் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார்.

"அசல்" என்றார். "முதல் தடவையைவிட அழுத்தம் ஜாஸ்தி. எங்கயும் ஒழுகல."

தலைவரின் முகம் பூரித்தது. தன் பேச்சுக்கு இடையே ஒரு தொடர் தேறியது அவருக்கும் பெருமைதான். அங்கேயே முத்திரை குத்தினார். படக்காரம்மா ஓடி வந்து காய்கறிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவருடைய கால்கள் ஓரிடத்தில் நின்றன.

தராசும் வந்தது. 'பெரியவர்கள் துணையோடு பயன்படுத்தவும்' என்று அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அன்றிரவு மகளிடம் கதை முழுக்கச் சொன்னார். பூதம் மாதிரி விக்கிக் காட்டினார், ராஜா மாதிரி காற்றை முறுக்கிக் காட்டினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று முதல், "எப்பப்பா டிவியில வரும்?" என்று அரித்தெடுத்துவிட்டாள்.

அலுவலகத்தில் நடந்தது வேறு. எந்தப் பொருளும் எந்த நிலையில் சோதனையில் தேறியதோ அதே நிலையில்தான் மக்களிடம் போக வேண்டும் என்பது குடைக் காலத்திலிருந்தே விதி. கைப்பிடியோடு தேறிய குடையைக் கைப்பிடி இல்லாமல் விற்க முடியுமா? இந்தத் தொடர் தேறியபோது அதன் முன்னால் தலைவர் நின்றிருந்தார். ஆகவே தலைவர் நின்றாக வேண்டும். படக்காரம்மா அழுதாள், அலைந்தாள், மேலிடம்வரை போனாள். மேலிடம் விதியைப் படித்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. முத்திரை வேண்டாம் என்றால் மிட்டாய் விளம்பரம் தயாராகக் காத்திருந்தது. தலைவர் அடக்கத்தோடு சம்மதித்தார். எல்லாப் பகுதிகளையும் திரையில் ஓட்டி, அவரை முன்னால் நிறுத்தி, படம் அவர்மேல் விழாமல் முகம் பளிச்சென்று தெரிய ஒரு பெரிய விளக்கையும் போட்டு, மறுபடி படம்பிடித்தார்கள். குழந்தைகளுக்குப் பயன்படட்டும் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புதிய சொற்பொழிவும் தயாரித்துக் கொடுத்தார்.

முதல் பகுதி வந்த மாலையில் காய்கறிக்காரர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஓடி வந்தார். மகள் தலை வாரி, பொட்டு வைத்து, டிவிக்கு நேர் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

பாட்டு வந்தது. மேகம் விலகியது. தலைவர் வந்து நின்றார்.

"அன்புள்ள குழந்தைகளே" என்றார். "ஒழுங்கு என்பது..."

அவர் தோளுக்குப் பின்னால் எங்கோ ஒரு பச்சைக் கால் தெரிந்து மறைந்தது. மகள் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். எழுந்து போய் டிவிக்குப் பக்கவாட்டில் நின்று, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றாள். விக்கல் சத்தம் மட்டும் கேட்டது. எது மறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. சிரிக்கலாமா என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்துத் தான் முத்திரை வாங்கிக் கொடுத்தது பூதத்துக்கு அல்ல, தலைவருக்குத்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பா, இந்த மாமா எப்ப நகருவாரு?"

காய்கறிக்காரருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "அவரு ரிட்டையர் ஆகறதுக்கு இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கும்மா."

மகள் தலைவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வந்து அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள்.

"அதுக்குள்ள நான் பெரியவளாயிடுவேன்பா" என்றாள்.